பெயர் வந்து சேர்ந்த நேரம்

என் அக்கா மங்களேஸ்வரிக்குக் கண்டித் தபாலகத்தில் கடிதங்களை விலாசப்படி வகை பிரிக்கும் வேலை. ஒரு விலாசத்தையும் எழுதி வைத்துப் பார்த்தவளல்ல, எல்லாம் தலைக்குள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், வாக்காளர் பட்டியலோடு வந்து தீ வைக்கும் கூட்டத்துக்கு எங்கள் வீட்டைக் காட்டியவனையும் அவளுக்குத் தெரியும். தபாலகத்துக்கு அடிக்கடி வருபவன்; அவனுடைய கடிதங்களை வகை பிரித்தவள் அவள்தானே. அந்த நெருப்பில் அத்தான் விவேகானந்தன் செத்துப்போனார்.

பெயரை எனக்குக்கூடச் சொல்லவில்லை. "உன்ர வாய் ஓட்டை வாய், கமலா. எழுதி வைச்சா, சோதனைக்கு வாறவங்களிட்ட அம்பிட்டுப்போடும். ஒருநாள் விசாரணை வரும். அண்டைக்கு நான் சொல்லுவன்," என்றாள். பத்தொன்பது வருடம் அந்த ஒரு பெயருக்காகவே இருந்தாள். எனக்கும் அதே வெறிதான். அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

இடையில் புற்றுநோய் வந்தது. அது மூளைக்குப் பரவாமலிருக்க முள்ளந்தண்டு வழியாக மருந்து ஏற்றினார்கள். பிழைத்தாள். ஆனால் சீனிப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டே "சீனி" என்ற சொல்லைத் தேடினாள்.

"மூளையில நரம்பு வயருகளைச் சுத்தி ஒரு கொழுப்புப் படை இருக்கு," என்றார் டொக்டர். "இந்த மருந்து சிலருக்கு அதை அரிச்சுப்போடும். சில ஞாபகம் பிந்தித்தான் வரும், அம்மா."

போர்நிறுத்தக் காலத்தில், எண்பத்து மூன்று கலவரத்தை விசாரிக்கும் குழு கண்டிக்கு வந்தது. பெயரைக் கேட்டார்கள். அக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, "ஆள் அடையாளம் இல்லை" என்று எழுதி மூடினார்கள். பாழாய்ப்போன மருந்து!

நாங்கள் இப்போது இருக்கும் வத்தேகம வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா திடீரென்று, "ஹீன்பண்டா," என்றாள். வீட்டு இலக்கம், வீதி எல்லாம் வந்தது. மறுநாள் விடிந்ததும் ஓடினோம். குழு ஊர் மாறிவிட்டது, சாட்சியம் மூடியாயிற்று என்றார்கள்.

அக்கா அழவில்லை. ஒரு கட்டுத் தபாலட்டை வாங்கினாள். அந்தப் பெயரை முதன்முறையாக எழுதினாள், நல்ல சிங்களத்தில்: "எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்த ஹீன்பண்டாவுக்கு. என் கணவர் எரிந்தார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. மங்களேஸ்வரி."

"கடிதமா மூடிப் போடன் அக்கா," என்றேன்.

"எடியே, தபாலட்டையை வாசிக்காத தபால்காரன் ஆரடி? அவன்ர ஊர் முழுக்க வாசிக்கட்டும்."

கிழமைக்கொன்று போனது. ஏழாவது அட்டை, "பெறுநர் ஏற்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அக்காவோ வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஜூலைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"வாசிச்சிட்டான், கமலா," என்றாள். "அடுத்த அட்டையை எடு."