எண்ணெயால் ஓடிய காரும் சுலைமான் நானாவின் இடது காலும்

பிள்ளைகளே, நான் கண்டியில் ஒரு கராஜில் வண்டி பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தபோது கிளச் இல்லாத கார் ஒன்று எங்களிடம் வந்தது. அதைவிட அழகான பொறியை நான் இன்னும் கண்டதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

மடுல்கெல்லத் தோட்டத்துத் துரை ஒருவர் அதைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். அவருடைய டிரைவர் மடவளை ஊர்ச் சுலைமான் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். மலைப்பாதையில் அவரளவுக்குப் பக்குவமாக ஓட்டுபவர் அந்தப் பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்டவரின் காலையே இந்தக் காரின் பெடல் உதைத்துத் தள்ளியது. வளைவுகளில் கார் திணறியது. துரை கராஜுக்கே வந்து சொன்னார்: "வண்டியில பழுது இல்லேன்னா டிரைவர மாத்திடுவேன்."

கராஜ் மேற்பார்வை போர்மனும் நானும் கியர் பொக்ஸைத் திறந்து பார்த்தோம். பழுது ஒன்றும் இல்லை. அதாவது, நானாவின் வேலை போகப்போகிறது.

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். எதிரெதிராக இரண்டு கிண்ணங்கள், நடுவே எண்ணெய். எஞ்சின் ஒரு கிண்ணத்தைச் சுழற்றினால் எண்ணெய் மற்றதைத் தள்ளும். வாளித் தண்ணீரைக் கையால் சுழற்றினால் அதில் கிடக்கும் இலையும் சுற்றுமே, அப்படித்தான். எஞ்சின் மெதுவாக ஓடினால் எண்ணெய் வழுக்கும், கார் நிற்கும். கியரோ, ஸ்டியரிங்கின் கீழுள்ள சின்ன லீவரால் முன்கூட்டியே தெரிவுசெய்து வைப்பது. பிறகு கிளச்சின் இடத்திலுள்ள பெடலை அடிவரை மிதித்துக் காலை எடுத்தால், ஸ்பிரிங் ஒரு பட்டையை இறுக்கிப் பிடித்து அந்தக் கியரைப் போட்டுவிடும். அரைகுறையாக மிதித்தால் பட்டை பிடிக்காது. பெடல் திருப்பி உதைக்கும்.

மறுநாள் நானாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைக் கவனித்தேன். கிளச்சில் வைப்பதைப் போல வளைவுக்கு வளைவு அந்தப் பெடலைப் பாதி அழுத்திக்கொண்டிருந்தார். அதை அவரிடம் சொன்னேன்.

"எனக்கு விளங்குது தம்பி. என்ட காலுக்கு யாரு சொல்ற?"

சற்று யோசித்தார். பிறகு ஒரே தட்டைச் சுற்றி உண்ணும் சகன் சாப்பாட்டுக்குத் தரையில் உட்காருவதுபோல இடது காலை மடித்து சீட்டில் வைத்துக்கொண்டார். கியர் மாற்ற மட்டும் கால் இறங்கும், அடிவரை மிதிக்கும், மறுபடி மடிந்துகொள்ளும்.

துரை ஏறிய நாளில் நானும் கூடப் போனேன். ஓர் ஏற்றத்தில் மாட்டுவண்டி குறுக்கே நின்றது. மற்றக் கார் என்றால் பின்னால் உருளாதபடி நான் குதித்துச் சில்லுக்குக் கல் வைக்கவேண்டும். மாட்டுவண்டி விலகியதும், நான் கதவில் கை வைப்பதற்குள் நானா மெல்ல எஞ்சினைக் கூட்டி பிரேக்கை விட்டார். கார் ஒரு குலுக்கமும் இல்லாமல் ஏறியது. துரை எட்டி நானாவின் மடித்த காலைப் பார்த்தார்.

"என்ன டிரைவர், சோறு திங்கவா ஒக்காந்திருக்க?"

"சும்மா இருக்க ஒக்காந்திருக்கேன் தொரை. இந்தக் காருக்கு அதுதான் வேணும்."

துரை சிரித்துவிட்டார். வேறு டிரைவரைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

காரைச் செய்தவனின் மூளையை நான் இன்றும் மெச்சுகிறேன். ஆனால் பழகிப்போன ஒரு காலைத் தானே அடக்கிக்கொண்ட மனிதரை அதைவிட மெச்சுகிறேன். எந்த வேலைக்குப் போனாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துரை ஏறிய அன்று நானா தேத்தண்ணீர் குடிக்கப் போனபின், துரையின் பங்களாக் கார்க் கொட்டகையில் ஒருவரும் இல்லை. நான் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் இடது கால் என்னைக் கேளாமலே போய்ப் பெடலின் மேல் ஏறிக்கொண்டது. அதைக் கையால் தூக்கிக் கீழே வைத்தேன்.