எதிராளிக்கும் டீச்சர்

டீச்சர் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் மணி தெரியும். கூடத்தில் இரண்டு கடிகாரம், படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒன்று. எல்லாமே டேபிள் டென்னிஸ் போட்டிகளில் கிடைத்த இரண்டாம் பரிசு. கடிகாரம் கொடுக்காத வருஷங்களில் ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். ஆக மொத்தம் பதினோரு இறுதிப் போட்டி, பதினோரு தோல்வி. இத்தனைக்கும் ஆட்டம் தெரியாதவர் இல்லை. வலையை ஒட்டிப் பந்தைப் பூப்போல இறக்கிவைப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. அவரைத் தோற்கடித்தது அவருடைய வாய்.

முப்பத்து நான்கு வருஷம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். தப்பான கணக்குக்கு அவர் பெருக்கல் குறி போட்டதே கிடையாது. பத்து வரிக் கணக்கென்றால் எந்த வரியில் தடம் புரண்டதோ, அந்த வரியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடுவார். "இதுவரைக்கும் நீ சரியாத்தான் வந்திருக்கே. இங்கேதான் வழி மாறிட்டே" என்பார். விடைத்தாளில் பூஜ்யம் வாங்கிய பிள்ளைகூட, ஏழு வரி சரியாகப் போட்டோமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகும். தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி பாடம் முடிந்தது என்பது டீச்சரின் கட்சி. அந்தக் கட்சியில் உறுப்பினர் அவர் ஒருவர்தான் என்றாலும் கடைசிவரை கட்சி மாறவில்லை.

பள்ளிக்கூட மணி அடித்ததோடு இந்தக் குணமும் ஓய்ந்திருந்தால் சரி. ஓயவில்லை. தையல் கடையில் அளவு நாடாவை எப்படிப் பிடிப்பது என்று தையல்காரருக்கே காட்டிக்கொடுப்பார். மூக்குக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில், ரசீதில் இருந்த கூட்டல் தப்பைத் திருத்தி, எங்கே தப்பு ஆரம்பித்தது என்று வட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கடைக்காரர்தான் பிற்பாடு அவருக்குக் கணவரானார். "அந்த வட்டத்துல விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கலை" என்று கண்ணாடிக்காரர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

டேபிள் டென்னிஸ் அவராகத் தேடிப் போனதில்லை. பள்ளிக்கு யாரோ ஒரு மேசையை நன்கொடையாகக் கொடுத்தார்கள். உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறையில் அது கிடந்தது. "நீங்கதான் இருக்கிறதிலேயே சின்ன வயசு, இதையும் பார்த்துக்குங்க" என்று தலைமையாசிரியர் சாவியை அவர் தலையில் கட்டிவிட்டார். டீச்சருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பேட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. தெரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற ரோஷத்தில், மேசையின் ஒரு பாதியைச் சுவராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியாக அடித்துப் பழகினார். ஒரு வருஷத்தில் பைத்தியம் நன்றாகவே பிடித்துவிட்டது.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் ஆடுகளம். திருத்தாத விடைத்தாள் கட்டுகளை நடுவில் வரிசையாக நிறுத்தினால் வலை தயார். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்காதவர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டியதுதான். மகள் அந்த டக்டக் சத்தத்திலேயே படித்து பிசியோதெரபிஸ்ட் ஆனாள். கண்ணாடிக்காரர் அலமாரிக்கு அடியில் பந்து பொறுக்கியே இடுப்பு வலியை வாங்கிக்கொண்டார். மகளின் முதல் நோயாளி அவர்தான்.

முதல் இறுதிப் போட்டி, ஆசிரியர்களுக்காக நடந்தது. எதிரே வேறொரு பள்ளியின் அறிவியல் ஆசிரியர். ஆட்டம் டீச்சர் கையில் இருந்தது. அப்போதுதான் நாக்கு நமநமத்தது. "சார், உங்க முழங்கை வெளியே போகுது. உடம்போட ஒட்டி வெச்சுக்குங்க." அவரும் நல்ல மாணவராக ஒட்டி வைத்துக்கொண்டார், ஜெயித்தும்விட்டார். டீச்சர் கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்து, "கடைசியில அந்த சார் எவ்வளவு அழகா அடிச்சார் தெரியுமா?" என்றார். கண்ணாடிக்காரர் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். ஆள் மாறும், தப்பு மாறும், டீச்சர் மட்டும் மாறமாட்டார்.

ஆசையே இல்லாத மகான் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். ஆசை நிறைய இருந்தது. ஏழாவது தோல்விக்குப் பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்துக்கும் அழுகைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பமில்லை அது. ஆனால் ஏன் அழுதாய் என்று யாரும் கேட்கவில்லை.

அறுபத்திரண்டாவது வயதில் முழங்கால் கைவிட்டது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். "அதுக்கப்புறம் நடக்கலாம், மாடி ஏறலாம். பந்துக்குப் பாயக்கூடாது. பேட்டைத் தொட்டே, நான் உனக்குச் சிகிச்சை பார்க்கமாட்டேன்" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்னால் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான போட்டி வந்தது. டீச்சர் காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஆடி, இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். இதில் விட்டால் இனி எந்த ஜென்மத்திலும் முதல் பரிசு இல்லை.

எதிரே போஸ்ட் ஆபீஸ் அக்கா. கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்தியே மணிக்கட்டை இரும்பாக்கிக்கொண்டவர். ஆட்டத்துக்கு முன்னால் மகள் ஓர் இருமல் மிட்டாயை அம்மாவின் வாயில் திணித்தாள்.

"இது கரையற வரைக்கும் வாயைத் தொறக்காதே. கரைஞ்சுட்டா சொல்லு, இன்னொண்ணு தர்றேன்."

"எனக்கு இருமலே இல்லையே."

"பார்த்தியா, இதைக்கூடத் திருத்தறே. பேசாம ஆடு."

முதல் இரண்டு பந்திலேயே டீச்சர் கண்டுகொண்டார். அக்கா குதிகாலில் நிற்கிறார். அதனால் வலையை ஒட்டி விழும் பந்துக்கு முன்னால் வர முடியவில்லை. டீச்சர் வலையோரமாகவே பந்துகளை இறக்கினார். மிட்டாய் கன்னத்தில் அடங்கிக் கிடந்தது. முதல் ஆட்டம் பதினொன்றுக்கு ஆறு, இரண்டாவது பதினொன்றுக்கு எட்டு. ஐந்தில் மூன்று ஜெயித்தால் போதும். மூன்றாவதிலும் எட்டுக்கு நான்கு என்று முன்னால் இருந்தார். கண்ணாடிக்காரர் கடிகாரம் மாட்டாத ஒரு வாழ்க்கையை அப்போதே கனவு காணத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு பந்தை வலையில் அடித்துவிட்டு, பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கே தப்பு பண்றேன்னே தெரியலையே" என்று தனக்குள் முனகினார்.

அந்த முகத்தை டீச்சர் முப்பத்து நான்கு வருஷம் பார்த்திருக்கிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையையும் நோட்டையும் மாறிமாறிப் பார்க்கும் முகம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

"அக்கா, குதிகால்ல நிக்கிறீங்க. முன்னங்கால்ல நில்லுங்க, மேசைக்கிட்டே வாங்க. பந்து தானா எட்டும்."

நடுவர் இரண்டு பேரையும் முறைத்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "போச்சு" என்றார் கண்ணாடிக்காரர், பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்கும்படி.

போகத்தான் செய்தது. அக்கா முன்னங்காலுக்கு வந்தார், வலையோரப் பந்தையெல்லாம் வழித்து எடுத்தார். மூன்றாவது ஆட்டமும் போயிற்று, நான்காவதும் போயிற்று. ஐந்தாவதில் டீச்சர் ஏழு, அக்கா ஒன்பது. முழங்கால் வேறு குடைந்தது. பன்னிரண்டாவது தோல்வி கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. 'ஏண்டி, உன்னை யாரு கேட்டா' என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டார்.

திட்டிக்கொண்டே அக்காவின் காலைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. புதிதாக ஒரு சூத்திரம் கற்ற பிள்ளை என்ன செய்யும்? எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அதையே போடும். எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் நடப்பதுதான். அக்கா இப்போது முன்னங்காலை விட்டு இறங்குவதே இல்லை. மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டு நின்றார், பந்து எங்கே வந்தாலும்.

டீச்சர் சர்வீஸ் போட்டார், மேசையின் கடைசி விளிம்பைப் பார்த்து, நீளமாக. பந்து அக்காவின் வயிற்றுக்கு வந்தது. பேட்டை வீச இடமில்லை. எட்டு. மறுபடியும் அதே விளிம்பு. ஒன்பது. அடுத்த சர்வீஸ் அக்காவுடையது. திருப்பி அடித்த பந்தும் நீளம்தான். பத்து. கடைசிப் பந்து மட்டும் முப்பது நாற்பது தடவை போய்வந்தது. டீச்சர் முழங்காலை மறந்து இடப்பக்கம் பாய்ந்து, விளிம்பில் உரசுகிற மாதிரி ஒன்றை வைத்தார். அக்கா பின்னால் நகர நினைப்பதற்குள் பந்து தரையில் உருண்டது.

பதினொன்றுக்கு ஒன்பது. டீச்சர் பேட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்தத் தடவை குழாய் எதையும் திறக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எதற்கும் அழுததில்லை. மிட்டாயை அடக்கிக்கொண்டு மூன்றே ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் இந்த அழுகை வந்திருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தும் ஜெயித்தாயிற்று. அக்காவால் எவ்வளவு நன்றாக ஆட முடியுமோ அவ்வளவு நன்றாக ஆடவைத்து ஜெயித்தாயிற்று.

அக்கா மேசையைச் சுற்றி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேறொன்று அவசரம். "டீச்சர், முன்னங்கால்ல தானே நின்னேன். அப்புறமும் கடைசி நாலு பந்து ஏன் போச்சு?"

மைக்கில் முதல் பரிசுக்கு அழைத்தார்கள். யாரும் போகவில்லை. இரண்டாம் தடவையும் அழைத்தார்கள். கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அரங்கின் மூலையில் டீச்சர், அக்காவின் தோளைப் பிடித்து ஓர் அடி பின்னால் நகர்த்தி, "இப்போ அடிங்க பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் எழுந்து மேடைப் பக்கம் போனார்.

"என்ன சார், டீச்சருக்கு முழங்கால் முடியலையா?" என்று மைக் பிடித்திருந்தவர் கேட்டார்.

"முழங்காலுக்கு ஒண்ணும் இல்லை. கோப்பையை அப்படி ஓரமா வைங்க. டீச்சர் கிளாஸ்ல இருக்காங்க, முடிச்சுட்டு வருவாங்க."