குட் என்ற சொல்லுக்கு ஒரு கல்லறை

சுவருக்கு அந்தப் பக்கம் லொரெய்ன் வெட்டர்லி ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தாள். இந்தப் பக்கம் நான் கணக்கு. ஒஹையோவின் இந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள்தான். சூப் சூடாக இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்ல அவளுக்கு வராது. "கொதிநிலையை எட்டிவிட்டது" என்பாள். "சூப்புதானே லொரெய்ன், எரிமலையா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் வந்தால் அவள் வகுப்பில் சாவு விழும். பிள்ளைகள் எழுதி எழுதித் தேய்த்த சொற்களுக்குச் சாம்பல் நிற அட்டையில் கல்லறை வெட்டிச் சுவரில் ஒட்டுவாள். குட், நைஸ், வெரி, சோகத்தைச் சொல்லும் சேட் எல்லாம் அங்கே அடக்கமாகியிருந்தன. அவற்றுக்குப் பதிலாகக் கனமான சொல்லைத் தேடிப்பிடித்து எழுதவேண்டும். யாராவது வாய்தவறிச் செத்த சொல்லைச் சொல்லிவிட்டால் வகுப்பே சேர்ந்து பேய் மாதிரி "ஊ..." என்று ஊளையிடும். என் பின்னக் கணக்கெல்லாம் அந்த ஊளையில் சிதறிப்போகும். ஆனாலும் பிள்ளைகள் சொல் கற்றார்கள். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஒரு குளிர்காலத்தில், லொரெய்னிடம் படித்த ஜோனி கொவாலிக் என்ற சிறுமியின் அப்பா இறந்துபோனார். சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். வண்டியிலேயே நெஞ்சுவலி. ஜோனி லொரெய்னின் செல்லப்பிள்ளை. கனமான சொல்லென்றால் வகுப்பில் அவளை அடிக்க ஆளில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்தில் அப்பாவைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஜோனியே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். லொரெய்ன் என் பக்கத்தில், பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கள் தந்தை அளப்பரிய ஆற்றலும் அசைக்கவொண்ணா உறுதியும் வாய்ந்த..." என்று காகிதத்தைப் பார்த்துப் படித்த ஜோனி, அப்பாவின் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். காகிதத்தை மடித்தாள்.

"எங்கப்பா... வெரி குட்..."

"ஊ..."

முன்வரிசையில் ஒரு பையன். கெட்டவன் இல்லை, பழக்கதோஷம். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் அந்தச் சத்தம் கூரைவரை போய்விட்டது.

ஜோனியின் முகம் சிவந்தது. அப்பாவின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிச்சிடுங்க. மிசஸ் வெட்டர்லி, யோசிச்சுப் பாத்தேன், வேற எதுவும் சரியா வரல. இன்னைக்கு மட்டும் அதையே சொல்லிக்கட்டுமா?"

சபை முழுக்கத் திரும்பி லொரெய்னைப் பார்த்தது. எதற்கும் சொல் வைத்திருந்தவள் அவள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்கப்பா குட்" என்றாள் ஜோனி. இறங்கிப்போய் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை ஹாமும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். லொரெய்ன் மூலையில் தட்டை வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள்.

"ஊளை விட்டது அந்தப் பையன் இல்ல, நான்தான்" என்றாள் என்னிடம். அவளை மட்டம்தட்ட எப்போதும் நாக்கு நுனியில் ஏதாவது வைத்திருப்பேன். அன்றைக்கு எனக்கும் வெட்கமாக இருந்தது. சுவர் தாண்டி அந்த ஊளையைக் கேட்டு எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்!

அப்போது ஜோனியின் அம்மா வந்து லொரெய்னின் கையைப் பிடித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நேத்துப் பூரா டிக்‌ஷனரியும் கையுமா உக்காந்திருந்தா, டீச்சர். மனசுல பட்டத எழுதுடின்னேன். 'போம்மா, டீச்சர் வருவாங்க'ன்னுட்டா. உங்க மேல அவ்வளவு மரியாதை. ரொம்ப தேங்ஸ்."

லொரெய்ன் எதையோ சொல்ல வாயெடுத்தாள், விழுங்கினாள், மறுபடி வாயெடுத்தாள்.

"வெரி சேட்" என்றாள் கடைசியில். "எனக்கு வெரி சேடா இருக்கும்மா."

இரண்டையும் சுவரில் புதைத்தவள் அவள்தான். அன்றைக்கு அவளிடம் வேறு சொல் இல்லை.