தூண்டில் தெரிந்த கெண்டைகள்

எங்கள் வீடு சைவம். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் பிழைக்க வந்த பிறகும் எங்கள் அடுப்பில் மீன் ஏறியதில்லை. ஆனால் ரயில்வேயில் கிளார்க்காக இருந்த என் கணவருக்கு, வெள்ளைக்கார மேலதிகாரியைப் பார்த்துத் தூண்டில் பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிறுதோறும் ஏரிக்குப் போவார். பாண் ரொட்டியை உருட்டிப் போட்டுக் கெண்டை பிடிப்பார். முள்ளைக் கழற்றித் திரும்ப நீரிலேயே விடுவார். கொன்றால் பாவமாம், பிடித்தால் பொழுதுபோக்காம். அந்தச் சைவத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

போரில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்களுக்கு மகள் பிறந்தாள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த எனக்குப் பால் ஊறவில்லை. குழந்தை உறிஞ்சும், அழும், மறுபடி உறிஞ்சும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிரசவம் பார்த்த அம்மாள் முகத்துக்கு நேரே சொன்னாள்: “சைவம் கிவம்லாம் அப்புறம் பாத்துக்கலாம் லா. மீன் சாறு குடிச்சாத்தான் பால் வரும். இல்லேன்னா புள்ள தங்காதும்மா.”

பாசார் சந்தைக்கு வந்த மீனெல்லாம் பட்டாளத்துக்குப் போனது. கணவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார், வெறுங்கையோடு வந்தார். மறுநாளும் அப்படியே. நான் வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

“முந்தி நிமிசத்துக்கு ஒண்டு பிடிச்சதெண்டு புளுகினீங்கள். இப்ப என்ன வந்தது?” என்று கேட்டேன்.

“அதுகளுக்கு என்னைத் தெரியுமப்பா. கிட்ட வருது, இரையைப் பாக்குது, திரும்பிப் போகுது. என்ர நிழல் விழுந்தாலே ஆழத்துக்குப் போயிடுது. எல்லாம் ஒருக்கா எண்டாலும் என்ர முள்ளைக் கடிச்சதுகள்தானே.”

“பிடிச்சுப் பிடிச்சு விட்டு நல்லாத்தான் படிப்பிச்சு வச்சிருக்கிறீங்கள்,” என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன்.

அவர் இடம் மாற்றினார். மண்புழு மாட்டினார். நிழல் விழாமல் கரையில் குப்புறப் படுத்துக்கூடப் பார்த்தார். ஒன்றும் கடிக்கவில்லை. வீட்டில் குழந்தையின் கை குச்சியாகிக்கொண்டு வந்தது.

ஒரு மாலை ஒரு கெண்டையோடு வந்தார். அதன் வாயோரம் ஆறிப்போன பழைய கிழிசல் இருந்தது.

“இது முள்ளைத் தெரிஞ்ச மீன்,” என்றார். “முந்தி ஏரிக்கு வாற சனம் பாண் பிச்சுப் போடும். இப்ப ஆர் போடுறது? பசியில கடிச்சிட்டுது.”

பிரசவம் பார்த்த அம்மாளே வந்து ஆய்ந்து சாறு வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் திருநீற்றோடு கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன். தொட்டிலில் மகள் அழச் சத்தில்லாமல் முனகினாள்.

நானும் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.