செல்லத்துரை இழுத்த கோடுகள்

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு புஜைராவிலிருந்து பஸ் புறப்பட்டது. துபாய் தேராவுக்கு ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹம், இரண்டு மணி நேரப் பயணம். ஜன்னலோரத்தைச் செல்லத்துரை பிடித்துக்கொண்டான். எனக்கு அதுவே பொறுக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் நான் பெயின்ட் இன்ஸ்பெக்டர். அவன் பெயின்டர், பெரம்பலூர்க்காரன். ஒன்பது வருடமாக நான் அயர்லாந்தின் பெண் ஓவியர் ஒருவரின் பக்தன். மழையில் ஊறிய பச்சைக் குன்றுகள், மூடுபனிக் கடல் என்று அவர் வரைந்ததையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்து, அதே பாணியில் நானும் வரைந்து வருகிறேன். போன வருடம் அந்த அம்மையார் எங்கள் யார்டுக்கே வந்து ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தார். அந்த வாரம் பார்த்து நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது துபாயில் அவருடைய கண்காட்சி. அழைப்பு, அந்த வாரம் அவர் பக்கத்தில் வேலை பார்த்த செல்லத்துரைக்கு. நான் ஒட்டிக்கொண்டு போகிறவன். என் படம் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். அதைப் பார்த்து அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்.

"அவங்க படத்துல அப்படி என்னண்ணே இருக்கு?" என்று மலைப்பாதையில் கேட்டான். பற்றிக்கொண்டு வந்தது. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

தேராவில் இறங்கி, ஒரு திர்ஹம் கொடுத்துப் படகில் அக்கரை போனோம். அங்கிருந்து பத்து நிமிட நடை. முதல் அறையில் எனக்கு மனப்பாடமான பச்சைகள். இரண்டாவது அறையில் மழையுமில்லை, குன்றுமில்லை. துருச் சிவப்பின் மேல் அகலமான சாம்பல் கோடுகள் மட்டும்.

"அட, நம்ம ஸ்ட்ரைப் கோட்டுண்ணே!" என்று கத்தினான் செல்லத்துரை.

கப்பலுக்கு ஸ்ப்ரே அடிக்குமுன் வெல்டிங் ஓடிய இடமெல்லாம் பிரஷ்ஷால் ஒரு பூச்சு இழுப்பார்கள். மறுநாள் ஸ்ப்ரேயில் அது மறைந்துவிடும். அந்தக் கோடுகளில் டார்ச் அடித்துக் குறை தேடுவதுதான் என் பிழைப்பு. என் ஓவியரின் பாணியையே மாற்றியவை அந்தக் கோடுகள்தான்.

அம்மையார் ஓடிவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவனோ கூச்சமே இல்லாமல் ஒரு படத்தின் மூலையைக் காட்டி, "மேடம், இதர் பெயின்ட் மாஃபி" என்றான். இங்கே பெயின்ட் விட்டுப்போயிருக்கிறதாம்! அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்ஸ்பெக்டரான என் கண்ணில் அது படவே இல்லை.

என் படத்தை விரித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்த ஊர்க் கடல்?"

"அயர்லாந்து."

"போயிருக்கிறீர்களா?"

"இல்லை. புஜைராவில் இருக்கிறேன்."

தலையசைத்தார். மடங்காமல் பதமாகச் சுருட்டி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மாலை பஸ்ஸில் செல்லத்துரை ஒரு சின்னப் படத்தை நீட்டினான். அவர் கொடுத்தாராம். "எங்க ரூம்ல ஏழு பேருண்ணே, மாட்ட இடமில்ல. நீங்க வச்சுக்குங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் கை நீண்டுவிட்டது. திருப்பினேன். பின்பக்கம் அவன் பெயர் எழுதியிருந்தது. சுவரில் மாட்டினால் பின்பக்கம் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். பிறகு அவன் மடியில் வைத்தேன்.

"நாளைக்கு நீ கோடு இழுக்குறப்ப என்னைக் கூப்பிடு."

"செக் பண்ணவாண்ணே?"

"இல்லடா. பாக்க."