முதல் கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

என் கணவருக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெளியிலிருந்து வந்து இறங்கும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும் இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டும் கட்டுவார். இருபது வருஷமாக இதையே செய்வதால் வீட்டுக்கு வரும் கத்தரிக்காயும் அவரிடம் தப்பாது. நான் வாங்கி வரும் தேங்காயை ஒருநாளாவது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறாரா என்றால், இல்லை. சிவப்புச் சீட்டு கட்டவில்லையே தவிர, முகமே சொல்லிவிடும். அவரைக் கூட்டிக்கொண்டுதான் நான் என் முதல் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்கப் போனேன்.

எனக்கு அது விளையாட்டுக்கு அல்ல. நான் இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவள். வரைந்தவள் என்றுதான் அப்போது சொல்ல வேண்டும். ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த என் அலுவலகம் ஊரின் மறுகோடிக்கு மாறியது. போக வர நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று வேலையை விட்டேன். எட்டு வருஷம் ஓடிப்போயிற்று. யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "வீட்லதான்" என்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் எரிச்சல் வந்துவிட்டது.

அப்போதுதான் பழைய அலுவலகத் தோழி போன் செய்தாள். ஒரு சின்ன கம்பெனி வீட்டிலிருந்தே வரைய ஆள் தேடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட திங்கட்கிழமை ஒரு கியர் பாக்ஸ் ஃபைல் அனுப்புவார்கள். புதன்கிழமைக்குள் படம் போட்டு அனுப்ப வேண்டும், பிடித்தால் வேலை. வீட்டில் இருந்த லேப்டாப் ஒரு பல்சக்கரத்தைத் திறப்பதற்குள் உஸ் உஸ்ஸென்று மூச்சு வாங்கும். முழு கியர் பாக்ஸைக் காட்டினால் அதோடு போய்ச் சேர்ந்துவிடும்.

கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாம் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். அவரோ, "பார்ட் பார்ட்டா வாங்கினா பார்ட் பார்ட்டா செக் பண்ணலாம்" என்று சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த பிராசஸருக்கு இந்த மதர்போர்டுதான் பொருந்தும், அந்த போர்டுக்கு எல்லா ரேமும் சேராது, கூலர் உயரமாக இருந்தால் கேபினட் மூடாது. பத்துப் பொருத்தம் பார்த்து நடந்த என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நாலைந்து நாளில் பிடிபட்டுவிட்டது. எனக்கு எது தேவை, எது பகட்டு என்று தெரிந்தது. கலர் விளக்கு வேண்டாம். படம் வரைகிற சாஃப்ட்வேர் திணறாமல் ஓட வேண்டுமென்றால் ரேம் நிறைய வேண்டும், ஒரே மாதிரி இரண்டு துண்டாக வேண்டும். போர்டு கம்பெனிக்காரர்கள் எந்தெந்த ரேம் சேரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒன்றைப் பார்த்து அடிக்கோடு போட்டுக்கொண்டேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம் மூளை வேலை செய்கிற சத்தம் எனக்கே கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் போய் நின்றோம். பட்டியல் என் கையில். கடைக்காரர் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "சொல்லுங்க சார், பையனுக்கா? கேமிங்கா?" என்றார்.

"எனக்கு" என்றேன்.

"ஓ, மேடமுக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அவரிடமே, "சார், வீட்ல சும்மா பாக்கறதுக்குன்னா இவ்ளோ வேணாம் சார்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். பட்டியலைக் கடைக்காரர் முன்னால் விரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தேன். என் கணவர் இதெதிலும் கலந்துகொள்ளவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கேபினட்டின் உள் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். எழுதிய அளவுக்கும் உண்மை அளவுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வேறு கேபினட் எடுக்கச் சொன்னார். கடைக்காரர் முகத்தில் அப்போதுதான் ஒரு பயம் வந்தது.

ரேமில்தான் தகராறு வந்தது. "இது வேணாம் மேடம். இந்த போர்டுக்கு சில டைம் செட் ஆகாது. நம்மகிட்ட இருக்கறதை போடுங்க, ரிஸ்க்கே இல்ல. நோடி சார், நீங்களே பாத்து சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்குத் தெரியும், சொத்தைக் கத்தரிக்காயைப் பார்க்கிற முகம். கடைக்காரர் பேச்சில்தான் அவருக்கு நம்பிக்கை என்று புரிந்தது. "லிஸ்ட்ல இருக்குங்க. நான் பாத்துட்டேன்" என்றேன்.

என் கணவர் கடைக்காரர் பக்கம் திரும்பி, "அவங்க கேட்டதையே குடுங்க" என்றார்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கினார். தொழிற்சாலையில் புதுச் சரக்கை அடுக்குவதுபோல, பக்கத்தில் பட்டியல், கையில் பென்சில். திருகாணியைக்கூட எண்ணி டிக் போட்டார். எல்லாம் முடிந்ததும், "பொட்டு வெச்சிடு. பூஜை போடாம எங்க பேக்டரியில ஒரு மெஷினும் ஸ்டார்ட் பண்ண மாட்டோம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கேபினட்டுக்கு ஒன்று, பவர் சப்ளைக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று. போர்டைத் தொட பயம், அதனால் அதன் அட்டைப்பெட்டிக்கு வைத்தேன். கடைசியில் ரேம் இரண்டும் கண்ணில் பட்டன. நானே அடம்பிடித்து வாங்கியவை. அவற்றை மட்டும் விட மனசு வரவில்லை. அதே ஈரக்கையால் ஒவ்வொன்றாக எடுத்து, மேலே இருந்த கறுப்புத் தகட்டில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். அவர் வந்து பார்த்து, "லட்சணமா இருக்கு" என்றார்.

மத்தியானத்துக்குள் மாட்டி முடித்தோம். மாட்டினது அவர், கையேட்டைப் பார்த்துச் சொன்னது நான். சுவிட்சை நான் போட்டேன். விசிறிகள் சுற்றின. மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டேன். அதே கதை. போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கையேட்டைப் புரட்டிப் பார்த்தால், அது எரிந்தால் ரேமில் கோளாறு என்று போட்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடைக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை ஃபைல் வந்துவிடும். அதைவிட, கடைக்காரர் சொன்னபடியே ஆகிவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை. "நான் அடம்பிடிச்சு வாங்கினது ஒண்ணே ஒண்ணு, அதுவும் உருப்படலங்க. எட்டு வருஷம் அடுப்பங்கரையில இருந்தவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்றேன். யாராவது மறுக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் மறுக்கவில்லை. டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். அப்புறம் திரும்பி, "ஏம்மா, ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லன்னியே. போய் வாங்கிட்டு வா" என்றார்.

"இப்பவா?"

"இப்பதான்."

கோபமாகத்தான் போனேன். இந்த நேரத்தில் ரசம்தான் முக்கியமா இந்த மனுஷனுக்கு என்று காக்ஸ் டவுன் மார்க்கெட் வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தேன். கோபத்தில் இரண்டு கட்டு அதிகமாக வாங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது மானிட்டர் வெளிச்சமாக இருந்தது. மூலையில் நான் வாங்கிய ரேமின் அளவு முழுதாகக் காட்டியது.

"எப்படிங்க?"

"சரியா உக்காரல. நான்தான் சரியா அழுத்தாம விட்டுட்டேன். உன் ரேம் நல்ல ரேம்" என்றார். கொத்தமல்லியை வாங்கிப் பிரித்து, வாடிய தழை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

அன்று நான் அவரை விடவில்லை. "ரேமை உக்கார வெக்கத் தெரியல, பெரிய இன்ஸ்பெக்டராம்!" என்று ரசம் பரிமாறும்போதும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். திங்கட்கிழமை ஃபைல் வந்தது. கியர் பாக்ஸ் முழுக்கத் திறந்து, திருப்பின பக்கமெல்லாம் தடங்கலில்லாமல் திரும்பியது. புதன்கிழமை மத்தியானமே படத்தை அனுப்பினேன். மறுவாரம் வேலை கிடைத்தது. அதன் பிறகு யார் கேட்டாலும் "டிராயிங் போடறேன்" என்கிறேன். வந்த விருந்தாளிகளிடமெல்லாம் என் ரேம் கதையையும், அவர் அழுத்தாமல் விட்ட கதையையும் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இருக்கும் அவருடைய கருவிகளைத் துடைத்து வைப்பது என் வேலை. ஸ்டீல் ஸ்கேல், ஸ்க்ரூ டிரைவர்கள், நுட்பமாக அளக்கிற வெர்னியர். வெர்னியர் பெட்டியைத் திறந்தபோது, அதன் மூலையில் என் வெள்ளை ரப்பர் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த வாரத்திலிருந்து என் டிராயிங் பெட்டியில் காணாமல் போய், நான் தேடிக்கொண்டிருந்த அதே ரப்பர். அதன் ஒரு முனை நன்றாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடத்தில் சந்தன மஞ்சளும் குங்குமச் சிவப்பும் அழுந்தப் படிந்திருந்தன.

சந்தனக் கையோடு நான் ரேமைப் பிடித்த இடம் ஞாபகம் வந்தது. போர்டில் செருகுகிற, தங்கநிறப் பற்கள் இருக்கிற விளிம்பு. அதில் சந்தனம் ஒட்டினால் ரேம் வேலை செய்யாது, ரப்பரால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கொத்தமல்லி வாங்க அனுப்பியதும் ஞாபகம் வந்தது. இருபது வருஷத்தில் ஒரு குறையையும் சீட்டு எழுதாமல் விட்டிராத மனிதர். என் குறையைத் துடைத்துவிட்டு, சீட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த மனுஷன்மேல் சொல்ல முடியாத பிரியமாகவும் இருந்தது.

பலகையில் எல்லாவற்றையும் அடுக்கினேன். வெர்னியருக்குப் பக்கத்தில் ரப்பரையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அதற்கும் ஒன்று வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவர் பலகையைப் பார்த்தார். ரப்பரைப் பார்த்ததும் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அதுக்கு எதுக்கு பொட்டு?" என்றார் மெதுவாக.

"அதுவும் ஆயுதந்தானங்க" என்றேன்.