நூறு பக்கமும் ஒரு வூடும்

என் போனில் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மூட மாட்டேன். காரணம் வெட்கம்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு இறக்கும் மினி லாரி ஓட்டுகிறேன். வாசிக்க வரும். ஆனால் போனில் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதற்குள் லோடே ஏறி முடிந்துவிடும். அதனால் மைக்கைத் தொட்டு வாயால் கேட்பேன். பக்கத்தில் ஆள் இருந்தால் அதுவும் வராது. வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குசுகுசுவென்று கேட்பேன். ஒருநாள் லோடுமேன் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "இன்னாண்ணே, யாராண்ட கொஞ்சிக்கினு இருக்க?" என்றார். இவ்வளவு பாடுபட்டுத் திறந்ததை மூடினால், மறுபடியும் கேட்க வேண்டுமே.

எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்று மேலே ஒரு சின்னக் கட்டத்தில் எண் காட்டும். தொண்ணூற்றொன்பது வரை ஒழுங்காகக் காட்டியது. பிறகு எண் போய், இரண்டு புள்ளியும் இங்கிலீஷ் 'டி' எழுத்தும் வந்தன. டேஞ்சர் என்று எடுத்துக்கொண்டேன். அப்போதும் மூடவில்லை.

நர்சிங் முடித்த என் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி சரி என்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சோறு போடும்போது மகள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் குழம்பைப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை போன் அசையாமல் நின்றுவிட்டது. மகள் வாங்கி, அணைத்துப் போட்டு, கட்டத்தைப் பார்த்தாள்.

"டேஞ்சராம்மா?" என்றேன்.

"தலையச் சாச்சிப் பாருப்பா. சிரிக்குது. நூறு ஆயிட்டா எண்ண முடியாம சிரிச்சிடும்."

சாய்த்துப் பார்த்தேன். ஆமாம், சிரித்தது. எத்தனை நாளாகச் சிரித்ததோ.

அவள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே மூடினாள். "கியர் பாக்ஸ்ல சத்தம். மரவள்ளி மாவுப்பூச்சி. பொண்டாட்டி கொறட்டைக்கு வைத்தியம்."

"யாரு கொறட்ட வுடறது?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அடுத்த பக்கத்தில் மகள் நின்றுவிட்டாள். உடம்பெல்லாம் ஊசி குத்திய ஒரு துணிப் பொம்மை.

"இன்னாப்பா இது? யாருக்கு சூனியம் வைக்கப்போற?"

மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "ஒரு வாரமா வாயத் தொறக்காம இதத்தான் பண்ணிக்கினு இருந்தீங்களா? வேலைக்குப் போவக் கூடாதுன்னு பெத்த பொண்ணுக்கேவா?"

மகள் சிரிக்கவில்லை. இனியும் குழம்பைப் பார்க்க முடியாது.

"நான் வூடுதாம்மா கேட்டேன்," என்றேன்.

"இன்னா வூடு?"

"கோயம்புத்தூர்ல நீ தங்கறதுக்கு. வூடுன்னு மூணு தபா சொன்னேன். மூணு தபாவும் பொம்மையத்தான் காட்டிச்சி. அது தெரிஞ்சிக்கினு சரின்னு சொல்லலாம்னுதான்..."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெளிநாட்டுல சூனியத்துக்குப் பேரே வூடுதாம்ப்பா. வீடுன்னு கேட்டிருக்கணும்."

"நம்ம வூட்ட யாருடி வீடுன்னு சொல்றா?" என்றாள் மனைவி.

அதற்கடுத்த பக்கங்களை மகள் சத்தமில்லாமல் பார்த்தாள். பெண்கள் விடுதி. பஸ் நேரம். ஊர்த் தண்ணீர் எப்படி. மறுபடி பஸ் நேரம்.

"அப்போ போவட்டுமாப்பா?"

தலையாட்டினேன்.

"போனாண்ட மட்டும்தான் பேசுவீங்களா? வாயால சொல்லுங்க," என்று மனைவி கரண்டியைக் காட்டினாள்.

"போய்ட்டு வாம்மா," என்றேன். கண்ணாடி ஏற்றாமல், குசுகுசுக்காமல் சொன்னேன்.

அன்று மகள் எல்லாவற்றையும் மூடிவிட்டாள். கட்டத்தில் ஒன்று என்று மட்டும் இருந்தது. அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது நாற்பத்தொன்று. பாதிக்கு மேல் கோயம்புத்தூரில் மழை பெய்கிறதா என்று கேட்டவை. கட்டம் சிரிக்க இன்னும் நிறைய இருக்கிறது.